வெள்ளைக் குதிரையும் அத்தையின் சின்னப் புத்தகமும்

என் அத்தை எழுதிய புத்தகங்கள் எல்லாமே சட்டைப்பையில் அடங்கிவிடும். தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தினாள். விடுமுறைகளில் எங்கள் கரையின் பழைய சங்கதிகளை, வரலாறே படிக்காதவர்களும் ஒரே மூச்சில் படித்து முடிக்கும்படி எழுதி, தன் செலவில் அச்சடிப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வந்த புத்தகம் குதிரைகளைப் பற்றியது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகக் காயல் துறையில் வந்திறங்கிய வரலாறு அதில் இருந்தது. கூடவே எங்கள் ஊரின் ஐதீகமும் இருந்தது. முத்துக் குளிக்கப் போய்ப் புயலில் சிக்கியவர்களை எங்கள் தேவாலயத்துப் புனிதர் சந்தியாகப்பர் வெள்ளைக் குதிரையில் கடல்மேல் வந்து கரைசேர்த்தாராம். கோயிலுக்குப் பின்னால் பாறையில் இருக்கும் குழிகள் அந்தக் குதிரையின் குளம்படிகளாம்.

திருவிழாவில் விற்கலாமென்று அத்தை புத்தகக் கட்டுகளோடு ஊருக்கு வந்தாள். விழாக் கமிட்டித் தலைவர் என் பெரியப்பா, அவளுடைய சொந்த அண்ணன். புத்தகத்தைப் புரட்டிய அவர் ஒரே ஒரு சொல்லில் விரலை வைத்து நிறுத்தினார்.

“ஏளா, ‘சொல்லப்படுகிறது’ன்னு போட்டிருக்கியே. அப்போ நடக்கலைங்கியா?”

“நடந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஊரு சொல்லுதுன்னு தெரியும். அதத்தான் எழுதியிருக்கேன்.”

கோயில் வளாகத்தில் அந்தப் புத்தகம் விற்கக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. கட்டுகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் போயின. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அந்த வருடம் சந்தியாகப்பர் வேடம் எனக்கு. வழக்கமாகச் சக்கரம் வைத்த மரக்குதிரையில்தான் புனிதர் பவனி வருவார். பெரியப்பா தன் தலைமையில் ஒரு புதுமை செய்ய நினைத்துத் திருநெல்வேலியிலிருந்து உயிருள்ள குதிரையையே வரவழைத்திருந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் வெள்ளைக் குதிரை. பவனிக்கு முந்தின நாள் காலையில் வந்தது. சேணத்தின் வார் அறுந்திருந்ததால், குதிரைக்காரர் அதை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, வாரைத் தைக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்.

ஊருக்கு அது வாடகைக் குதிரையாகத் தெரியவில்லை. புனிதரின் குதிரை பசியோடு நிற்கலாமா? ஒரு வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து நெய் ஊற்றிய புட்டு. யாரோ முந்திய இரவின் பிரியாணிச் சோற்றைக் கொண்டுவந்தார்கள். நான் என் பங்குக்கு முந்திரி மக்ரூன் மிட்டாய் ஊட்டினேன். அதுவும் மறுக்காமல் தின்றது.

மதியம் போல குதிரை முன்னங்காலால் மண்ணைப் பறிக்கத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. பிறகு வேர்த்துக் கொட்டக் கொட்டப் படுத்துவிட்டது. பெண்கள் அழுதார்கள். சோடா கொடுக்கலாம் என்றார் ஒருவர். இஞ்சிச் சாறு என்றார் இன்னொருவர். பெரியப்பாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை வந்தாள். கீழே சிதறிக் கிடந்த சோற்றைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“யாரும் எதையும் அது வாயில வைக்காதீங்க,” என்றாள். “கப்பல்ல வந்த குதிரையெல்லாம் இந்தக் கரையில இப்படித்தான் செத்துச்சு. நம்ம ஆளுங்க பாசத்துல சோத்தையும் நெய்யையும் ஊட்டியே கொன்னுருக்காங்க. அந்தக் காலத்துல வந்த பயணிங்க எழுதி வச்சிருக்காங்க.”

பிறகு ஏரலில் தனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவருக்குச் செல்போனில் பேசினாள். அவர் தான் கிளம்பி வருவதாகவும், அதுவரை குதிரையைப் புரளவிடாமல் எழுப்பி மெல்ல நடத்தும்படியும் சொன்னார். அத்தை கயிற்றைப் பிடித்தாள். பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதிரையின் மறுபக்கம் போய்த் தோள்கொடுத்தார். எழுந்து நின்ற குதிரையை இருவரும் வெயிலில், ஒரு வார்த்தை பேசாமல், கோயிலைச் சுற்றிச் சுற்றி நடத்தினார்கள். ஊர் முழுக்கப் பின்னாலேயே ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடந்தது.

மருத்துவர் வந்து ஊசி போட்டார். மேற்கொண்டு ஒரு வாய் தின்றிருந்தாலும் பிழைத்திருக்காது என்றார். சாயங்காலம் கடல்காற்று எழும்பிய நேரத்தில் குதிரை வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. இனிப் பயமில்லை என்று மருத்துவர் சொன்னதுதான் தாமதம், ஊரே கைதட்டியது. எவனோ ஒருவன் பவனிக்கு வைத்திருந்த சரவெடியை எடுத்துக் கொளுத்திப்போட்டான்.

மறுநாள் குதிரைக்காரர் கயிறு பிடித்து நடக்க, சிவப்புப் போர்வையும் வெள்ளித்தாள் வாளுமாக நான் அந்தக் குதிரைமேல் வந்தேன். பேண்டு முழங்கியது. மாடிகளிலிருந்து பூ விழுந்தது. என் வகுப்புப் பையன்கள் அண்ணாந்து பார்க்க, உலகத்தையே ஜெயித்தவனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பவனி கோயிலுக்குத் திரும்பியதும் பெரியப்பா மைக்கைப் பிடித்து, தன் தங்கச்சி எழுதிய புத்தகம் கொடிமரத்தடியில் கிடைக்கும், வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றார். கட்டுகள் அங்கேயே காலியாயின.

கடைசிப் புத்தகத்தை வாங்கிய மீன்காரப் பெண் போகாமல் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முந்தின நாள் செத்துக் கிடந்த குதிரையைச் சந்தியாகப்பர் தொட்டு எழுப்பிய கதையை அத்தைக்கே சொன்னாள். புனிதர் வந்தபோது கடல் இரண்டு ஆள் உயரம் எழும்பியதாம். அத்தையும் பெரியப்பாவும் கயிறு பிடித்து நடந்தது அந்தக் கதையில் எங்குமே வரவில்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “நீங்கதான காப்பாத்துனீங்க, சொல்லுங்கத்தை,” என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அத்தை என் கையை மெல்ல விலக்கிவிட்டாள். என்னைக் குதிரைமேல் ஏற்றி ஊரே சுற்றி வந்தபோதுகூட அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. தன் கண்ணெதிரே அப்போதுதான் ஓர் ஐதீகம் பிறந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. ஜெயித்ததை இப்படி விட்டுக்கொடுக்கிறாளே என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றேன்.

அவளோ அந்தப் பெண்ணிடம் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, “கடல் எழும்புச்சுன்னியே, அங்கன இருந்து இன்னொரு தடவ சொல்லு,” என்றாள்.