இந்தக் காதில் எண்ணெய் விடமாட்டேன்

விடிந்தால் தலையணை உறையில் மஞ்சள் கறை இருக்கும். சிறுவயதிலிருந்தே என் இடது காதில் சீழ் வடிந்தது. எங்கள் ஊர் மார்டள்ளியில் அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவாள். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி வடியும். அந்தக் காது மெல்ல மந்தமாகிப் போனது. அதில் அம்மாவுக்கு ஒரு வசதி. என்னைத் திட்ட வேண்டுமென்றால் இடப்பக்கம் வந்து நின்று முணுமுணுப்பாள்.

மைசூருக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்கு வந்தும் காதில் பஞ்சோடுதான் மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தைப்பவள் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் தலைசுற்றி மெஷின் மேலேயே சாய்ந்தேன். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, கொலஸ்டியடோமா (நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய்) என்றார். விட்டால் முக நரம்பைத் தொடும், மூளைக்கும் போகலாம்.

“காது கேக்குமா?” என்றேன்.

“மொதல்ல நோயை எடுக்கணும்மா. கேக்க வைக்க ட்ரை பண்றேன். சத்தியம் பண்ணமாட்டேன்.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மாஸ்டாய்டெக்டமி (காதின் பின்புற எலும்பைக் குடைந்து நோயை எடுப்பது) செய்தார்கள். நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுறையை எடுத்துப் புதுச் செவிப்பறை. காதுமடல் குருத்தெலும்பைச் செதுக்கி, கரைந்துபோன குட்டி எலும்புக்கு மாற்று. என் துணியிலேயே எனக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். மழித்த இடத்தையும் தழும்பையும் நான் முந்தானையால் மறைக்கவில்லை. பார்ப்பவர்கள் பார்க்கட்டும்.

காதுக்குள் சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது, எண்ணெய் கூடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். முன்பெல்லாம் எனக்கு வடியும் நாள், வடியாத நாள் என்று இரண்டே வகை நாட்கள். இப்போது வடிவது நின்று, கிழமைகள் திரும்பி வந்திருந்தன.

தீபாவளிக்கு அம்மா மைசூர் வந்தாள். விடியற்காலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

“தலைக்குத் தண்ணி வாக்காம என்ன தீவாளி கண்ணு? காதுலயும் ரெண்டு சொட்டு உட்டுக்கோ, சூடு தணியும்.”

“வேண்டாம்மா. உடம்புக்கு மட்டும் ஊத்திக்கிறேன்.”

“நல்ல நாளும் அதுவுமா...”

“இந்தக் காதுல இனி எண்ணெய் எறங்காது. யார் சொன்னாலும்.”

உங்கள் காதிலும் வடிகிறதா? எண்ணெயை நம்பிக் காலத்தைக் கடத்தாதீர்கள். வீட்டில் சண்டை வந்தால் வரட்டும். பாசத்தோடு ஊற்றினாலும் அது கெடுதல்தான்.

நான் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தேன். அம்மா வழக்கம்போல என் இடப்பக்கம் வந்து நின்றாள்.

“புடிச்சா ஒரே புடி. அப்பன் மாதிரியே.”

“கேக்குதும்மா.”

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அங்கேயே நின்று, இன்னும் மெதுவாக, என் பெயரைச் சொன்னாள்.

திரும்பினேன்.