முட்டுக் கொடுக்காத குழி

என்னைப் பாம்பு கடித்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். ஐம்பதை நெருங்கும் ஆள், தொல்லியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவன், எட்டடிக் குழியிலிருந்து ஏணியைத் தொடாமலே வெளியே வந்தேன். எப்படி வந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

போன ஐப்பசியில், புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டின் கொல்லையில் நடந்தது இது. அங்கே ஓட்டல் கட்டப்போகிறார்கள். அஸ்திவாரம் போடுவதற்குள் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பதிவு செய்ய ஒரு தனியார் நிறுவனத்துக்கு மூன்று வாரம் கொடுத்திருந்தார்கள். அதில் நானும், என்னைவிடப் பத்து வயது இளையவரான ஒரு பெண்ணும் ஒப்பந்த ஆய்வாளர்கள். அவர் முனைவர் பட்டம் பெற்றவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பதவியின் பெயர்தான் பெரிசு. மற்றபடி தினக்கூலி, மழை பெய்தால் அதுவும் கிடையாது. கழிப்பறைக்கு மார்க்கெட்டுக்குத்தான் ஓட வேண்டும், அதற்கும் நிறுவனத்தின் மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இரண்டு நாள் மழையில் குழியின் சுவர் ஊறிக் கிடந்தது. பலகை வைத்து முட்டுக் கொடுங்கள் என்று அந்தப் பெண் மேனேஜரிடம் இரண்டு முறை கேட்டார்.

"பலகை வச்சா மண் அடுக்கு போட்டோல தெரியாதும்மா. ரிப்போர்ட் அழகா போவணும்ல" என்றார் மேனேஜர்.

"எங்களையும் அழகா ஒரு போட்டோ எடுத்து வைங்க சார், மாலை போட ஆவும்" என்று நான் ஜோக் அடித்தேன். மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பலகையும் வரவில்லை.

மறுநாள் சுவர் சரிந்தது. மண்ணோடு வந்த செங்கல் ஒன்று என் கணுக்காலைக் கீறிவிட்டுப் போனது. நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. "பாம்பு" என்று அலறி மேலே ஏறியவனை வேலையாட்கள் நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் துண்டால் காலைக் கட்டினார். நான் மனைவிக்கு போன் போட்டு பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் குழிக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அண்ணே, பாம்பு போயிருந்தா இங்கயும் கொஞ்சம் பாருங்க. என்னால கால எடுக்க முடியல."

இடுப்புவரை மண்.

சத்தம் கேட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் ஓடி வந்தார்கள். மண்வெட்டி பட்டுவிடும் என்று கையாலேயே மண்ணை அள்ளினார்கள். ஒருவர் அள்ளிக்கொண்டே என்னைத் திட்டினார்: "இன்னாய்யா, இவ்ளோ ஆழம் தோண்டிட்டு ஒரு முட்டு இல்ல? எங்காளு மேல மூட்டை சரிஞ்சா சங்கம் மார்க்கெட் கேட்டை இழுத்துச் சாத்திடும். படிச்ச ஆளுங்க, உங்களுக்குன்னு கேக்க யாருய்யா இருக்கா?"

நான் காலில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன்.

மேனேஜர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, போட்டோ எடுத்தாச்சா என்பது. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாளோடு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, கம்பி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் செலவு நிறுவனத்துடையது. தாளில் எழுதியிருந்தது வேறு: சாப்பாட்டு இடைவேளையில், அனுமதியின்றி, தானாகக் குழியில் இறங்கினார். சாட்சிக்குக் கையெழுத்துப் போடுகிற இடத்தில் என் பெயர். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது என்பதை மேனேஜர் சும்மா ஞாபகப்படுத்தினார்.

அவர் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தார். "எப்ப சரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "பாம்புன்னு ஓடுன ஆளும்மா நான். மணி எங்க பாத்தேன்?" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் வளையலை விற்றுக் காலுக்குக் கம்பி வைத்துக்கொண்டார். இனி குழியில் இறங்க முடியாது. எனக்கு இன்னும் மூன்று மாதம் நீட்டித்துத் தந்தார்கள். அந்த மேனேஜரை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் அவன் பொய்யைத் தாளில்தான் எழுதினான். அதை நாலு பேர் சிரிக்கும்படி சொல்லி நம்பவைத்தது நான்.

ஒவ்வொரு போட்டோவுக்கும் நேரம் குறிப்பது என் வேலை. சரிந்தபோது காலை மணி பதினொன்று இருபது. மேனேஜர் கேட்ட போட்டோவுக்காக, அவர் சொல்லித்தான், அந்தப் பெண் குழிக்குள் நின்று, மண் அடுக்கு பளிச்சென்று தெரியும்படி சுவரைச் சீவிக்கொண்டிருந்தார். நான் மணி பார்த்திருந்தேன்.