தீங்கு செய்யாதவன்

அண்ணன் ஓட்டிப்போன லாரி வட மாநிலத்தில் ஒரு சைக்கிள்காரர்மேல் மோதிவிட்டது. அவர் இறந்துபோனார். அண்ணனைக் காவலில் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அங்கிருந்த வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிப் பதினோரு மணிக்குள் அனுப்பினால்தான் அன்றைக்கே ஜாமீன் கேட்க முடியும் என்றார். எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். பள்ளியில் அதைத்தான் நடத்துகிறேன்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. திருச்செங்கோட்டு வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் அண்ணி நின்றார்.

"அவரு இன்னொசென்ட்டுன்னு மொதல்லயே போட்ருங்க அம்மிணி. சூதுவாது தெரியாதவருங்க."

அண்ணி வெகுளி என்ற பொருளில் சொன்னார். குற்றமற்றவர் என்ற பொருளில் அதையே முதல் வரியாக எழுதினேன். அதற்குள் வக்கீல் அழைத்து, கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்த அண்ணனிடம் தன் போனைக் கொடுத்தார். எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன்.

"அந்த இன்னொசென்ட்டுங்கறதுக்கு நேரா என்ன அர்த்தம் சாமி?"

வகுப்பில் நான் விளக்கிய சொல்தான். லத்தீனில் 'நோசெரே' என்றால் தீங்கு செய்வது. முன்னால் உள்ள 'இன்' அதை இல்லை என்கிறது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"தீங்கு செய்யாதவன்னு அர்த்தம்ண்ணா."

மணி பத்து நாற்பது.

"அப்ப அத எடுத்துரு" என்றான். "என்ற வண்டி மோதித்தான் அந்த மனுசன் செத்தாரு. தப்பு எம்மேல இல்ல. ஆனா தீங்கு செய்யலைன்னு எப்படிச் சொல்றது?"

"அது பழைய அர்த்தம்ண்ணா. கோர்ட்டுல அப்படிப் பார்க்க மாட்டாங்க."

"எனக்குத் தெரிஞ்சிருச்சே. எடுத்துரு சாமி."

அண்ணி போனைப் பிடுங்கினார். "ரண்டு புள்ளைங்க இருக்குதுங்க. கொஞ்சம் பேசாம இருங்க."

அந்த வரியை அழித்தேன். சைக்கிள் குறுக்கே வந்ததை, அவன் பிரேக் போட்டதை, ஓடிப்போகாமல் அடிபட்டவரைத் தன் லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்ததை, போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு வக்கீல் அழைத்தார். ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பற்றித்தான் நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டாராம். அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார்.

வழக்கு இரண்டு வருடம் நடந்து, அண்ணன் விடுதலையானான். இப்போது நாமக்கல் பக்கமே கோழித்தீவனம் ஏற்றி ஓட்டுகிறான். அண்ணி என்னிடம் பழையபடி பேச வெகுநாள் ஆனது.