சுவரோரத்து இட்லிப்பூச் செடி

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்து மோட்டார் போட்டேன், பால் வாங்கினேன், வாசல் தெளித்தேன். ஐந்தரைக்குத் தோட்டம். அரக்கோணம் ரயிலைப் பிடிக்க வேண்டியிருப்பதால் செடிகளுக்குப் பதினைந்து நிமிடம்தான். அன்று அதில் பத்து நிமிடம் இட்லிப்பூச் செடிக்கு முன்னாலேயே போய்விட்டது.

இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது, மற்றதெல்லாம் மஞ்சள். செவ்வாய் மாலைகளில் இந்தச் செடியின் சிவப்புக் கொத்துகளைத்தான் மலைக் கோயிலுக்கு எடுத்துப்போவேன். அன்று ஒரு மொட்டுகூட இல்லை. இரண்டு நுனிகள் கருகியிருந்தன. இப்படியே விட்டால் செடி தீபாவளியைப் பார்க்காது.

நாலு வருடம் முன்பு பென்சில் கனத்துக் குச்சியாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்த பையில் மழைக்காலத்தில் ஊன்றியது. வேர் பிடித்த பிறகு அரை நாள் வெயில் படும் சுவரோரத்துக்கு மாற்றினேன். பூத்து முடிந்ததும் கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுவேன். மாதம் ஒரு கை தொழு உரம். தண்ணீர் தேங்க விடுவதில்லை. என் பக்கம் ஒரு குறையும் இல்லாததால், குறை வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி வீடு. அந்த வீட்டுப் பெண் கொல்லையில் நூலுக்குச் சாயம் போடுகிறாள். அவள் பக்கம் சாய்ந்திருந்த கிளையை ஆனியில் நான் வெட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். சுவரின் அடியில் தண்ணீர் போக ஓர் ஓட்டை உண்டு. வெள்ளைத் தாளை எட்டாக மடித்து அதில் செருகிவிட்டு ரயிலுக்கு ஓடினேன். சாயத் தண்ணீர் வந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும்.

மாலையில் தாள் வெள்ளையாகவே இருந்தது. மாற்றி வைத்திருப்பாளோ என்று மடிப்பை எண்ணினேன். எட்டுதான். குனிந்து எண்ணிக்கொண்டிருந்தபோது சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது.

"இன்னாக்கா, ஓட்டைக்கு லெட்டர் போட்டுகினு கீறீங்க?"

"உங்க சாயத் தண்ணி இந்தப் பக்கம் வருதாம்மா?"

"வந்தா உங்க செடி நீலமா பூத்திருக்குமே. நானே ஒரு கொத்து கேட்டிருப்பேன்." சிரித்தவள் செடியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "ஐய, எல்லாம் வெளுத்துப்போச்சே. அது எப்பிடி நல்லா இருக்கும்? ஆடிக் கிருத்திகைக்கு செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்சீங்க இல்ல, மிச்சத்த எங்க ஊத்தினீங்க?"

"எனக்கு ஞாபகமில்லம்மா."

"நான் பார்த்துகினுதானே இருந்தேன். பக்கெட்டோட கவுத்தீங்க."

நான் அதை நம்பவில்லை. உள்ளே போய் டைரியை எடுத்தேன். ஆகஸ்ட் 10, ஞாயிறு: 'சுவர் வெள்ளையடித்து முடித்தேன். மீந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கரையான் வராமலிருக்கச் சுவரடியில் ஊற்றினேன்.' என் கையெழுத்துதான். எங்கள் தெருவில் எல்லோரும் மிச்சத்தை இப்படித்தான் ஊற்றுவோம். அங்கே ஒரு செடி இருக்கிறது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

டைரியோடு நிற்கவும் மனம் வரவில்லை. ஓட்டையருகிலிருந்து ஒரு கை மண், செடியடியிலிருந்து ஒரு கை மண் என்று தனித்தனியாக எடுத்து, இரண்டிலும் எலுமிச்சை பிழிந்தேன். ஓட்டை மண் சும்மா கிடந்தது. செடியடி மண் சோடா போல நுரைத்துப் பொங்கியது. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் ஆகும். சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

"பொங்குதா?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஆங்," என்றேன்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போய், செடிக்கு இரும்புச் சத்து தர அன்னபேதி உப்பு வாங்கி வந்தேன். மலைக்குப் போகவில்லை.

புதன்கிழமை எழுந்ததும் மோட்டார் போடவில்லை. களைக்கொட்டு எடுத்துக்கொண்டு போய், வேர் அறுபடாமல் சுவரடியின் வெள்ளை மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளத் தொடங்கினேன்.