பதில் பெறாத துணி: லுசேர்ண் அருகே ஒரு கனாக் கூரைமுனை

1. மார்ச் 2: எங்கள் வருகையையும் அதன் நோக்கத்தையும் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை.
2. மார்ச் 14: மரி-ஜோ தரையில் வைத்த துணியை அகற்றச் சொன்னார்கள்.
3. அதே நாள்: அதைத் ‘தவறவிட்ட பொருள்’ என்று இலக்கமிட்டார்கள்.

மரி-ஜோ, சுவிஸின் கூர் நகரில் நான் நிர்வாகம் பார்க்கும் முதியோர் இல்லத்தின் தாதி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பிரான்சின் ஆளுகையிலுள்ள நியூ கலிடோனியாவைச் சேர்ந்தவர். நடுவே மலைத்தொடர் ஓடும் நீண்ட பெருந்தீவு, சுற்றிலும் பவளப்பாறை அரண், மண்ணுக்குள் நிக்கல். ஏறத்தாழ இரண்டே முக்கால் இலட்சம் மக்களில் ஐந்தில் இருவர் அவரைப் போன்ற கனாக் பூர்வகுடியினர். மார்ச் 30 அன்று அவர் நிரந்தரமாக ஊர் திரும்புகிறார். அவருடைய பள்ளத்தாக்கின் பெருவீடொன்றின் கூரை உச்சியில் நின்ற, செதுக்கிய மரக் கூரைமுனை அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கனாக் மக்களுக்கு அது மூதாதை. சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவது?

கூரிலிருந்து, தால்வில் நிலையத்தில் மாறினால் லுசேர்ணுக்கு இரண்டேகால் மணி நேரம், பிறகு பேருந்து. நுழைவுக் கட்டணம் பன்னிரண்டு பிராங்க்.

கனாக் வழக்கப்படி, ஒரு வீட்டுக்குப் போகிறவர் துணியை வைத்து, நான் யார், ஏன் வந்தேன் என்று சொல்வார். வீட்டார் அதை எடுத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். மரி-ஜோ கூரைமுனையின் முன்னே நீலப் பூத்துணியை வைத்துத் தன் மொழியில் பேசினார். காவலர் ஓடிவந்தார், யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

“அண்ணை, எடுக்கச் சொல்லுங்கோ. மேலை பொறுப்பாளரம்மாவைக் கேட்டுப்போட்டன், ஏலாதாம்.”

“ஏனாம்?”

“இண்டைக்குத் துணியெண்டால் நாளைக்குப் பாயோடை வந்து படுப்பினமாம். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ.”

“தம்பி, உந்தச் சுவரிலை இருக்கிறதை வாசிச்சனீரோ?”

“ஓம். துணி வைக்கிறதைப் பற்றித்தான் வடிவா எழுதியிருக்கினம்.” அவர் முகம் சுருங்கியது.

மரி-ஜோ எடுக்க மறுத்தார். வைத்ததைத் திரும்ப எடுப்பது அந்த வீட்டையே அவமதிப்பது. கடைசியில் காவலரே குனிந்து, இரு கைகளாலும் எடுத்தார். “குப்பையிலை போட விடமாட்டன், அண்ணை. இலக்கம் போட்டு வைப்பினம். அவவிட்டைச் சொல்லுங்கோ.” சொன்னேன். மரி-ஜோ அவருக்குத் தலை வணங்கினார்.

நீங்கள் அவசியம் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை. கூரைமுனைக்கு எதிரே வாங்கு உண்டு; அமர்ந்து அண்ணாந்து பாருங்கள், வீட்டின் உயரம் புரியும். அந்தக் காவலரைக் கண்டால் சுகம் விசாரியுங்கள்.

அருங்காட்சியக நிர்வாகத்துக்கு, இதன் ஜெர்மன் வடிவம் இன்று அனுப்பப்பட்டுள்ளது: உங்களிடம் இருப்பது தவறவிட்ட பொருள் அன்று, பெற்றவர் பதில் சொல்லவேண்டிய பொருள். அதை உங்கள் சுவரே சொல்கிறது. உங்களில் யார் அதைப் பெற்றுக்கொண்டார், கூரைமுனைக்கு அருகே அது எங்கே வைக்கப்படும் என்பதை மரி-ஜோவின் பெயருக்கு, மார்ச் 27 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், கையொப்பமிட்டு எழுத்தில் தரவும். ஊரில் அவரிடம் முதலில் கேட்கப்படப்போவது அதுதான்.