இரண்டு கார் நிறுத்தும் நடுத்தரக் குடும்பம்

பிள்ளைகளா, அடையாறில் நடுத்தரக் குடும்பமும் இனி சொந்த வீடு வாங்கலாம் என்று பேப்பரில் படித்ததும், இத்தனை நாள் வாங்காதது என் கையாலாகாத்தனம்தானோ என்று எனக்கு உறுத்தியது. அந்த ஞாயிறே உங்கள் இருவரையும் அம்மாவையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, அதில் போட்டிருந்த அடுக்குமாடியின் மாதிரி வீட்டைப் பார்க்கப் போனேன்.

விலையைச் சொன்ன விற்பனைக்காரர், "நடுத்தர ஃபேமிலிக்குன்னே கட்டினது சார். ரெண்டு கார் நிறுத்தலாம்" என்றார்.

"நாலு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வந்துகீறோம் தம்பி. கார் நிக்கிற எடத்தை மட்டும் குடு, அங்கயே குடும்பம் நடத்திக்கிறோம்!" என்றாள் அம்மா.

அவரே சிரித்துவிட்டார். "நானும் வாடகை வீடுதான்க்கா" என்றார். வீடு வரும்வரை நீங்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. என் உறுத்தலும் அதோடு போயிற்று.

மறுநாள் தனியாகத் தபாலாபீசுக்குப் போய், "நீங்கள் சொல்லும் நடுத்தரக் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது?" என்று அந்தப் பேப்பருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.