என் வாசல் பள்ளம்

எதையும் உள்ளே போய்ப் பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நகராட்சிக் கூட்டத்துக்கு நான் போனதற்குப் பாதிக் காரணம் அந்தக் குணம்தான். மீதிப் பாதி முட்டை.

எண்பதுகளின் கடைசி. பல வருடம் கழித்துத் தேர்தல் நடந்து, நகராட்சிக்குக் கவுன்சிலர்கள் வந்திருந்த சமயம். எங்கள் கோழிப்பண்ணை ஊர் எல்லையில் இருந்தது. அங்கிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் பாதையில் தார் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, பல்லிளித்துக் கிடந்தது. முட்டை எடுக்க வரும் வேன் அதைத் தாண்டுவதற்குள் அட்டைக்கு நாலு முட்டையாவது கீறல் விட்டுவிடும்.

"ரோடு போட்டாத்தான் இனி வண்டி வருமுங்கக்கா. இல்லீன்னா இந்த மழைக்காலத்தோட சரி" என்று வேன்காரர் சொல்லிவிட்டார். வேன் நின்றால் பண்ணையும் நின்றது. அத்தனை முட்டையையும் வைத்துக்கொண்டு நாங்களா அடைகாக்க முடியும்?

மனு எழுதிப் போட்டேன். சேர்மனும் கவுன்சிலர்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது.

எங்கள் பக்கத்தில் யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், வாசலை ஒழுங்கு பண்ணாமல் கை நிற்காது. ஞாயிற்றுக்கிழமையே பண்ணையை ஒட்டிய என் வீட்டு வாசலுக்கு நேராக இருந்த பெரிய பள்ளத்தில் உடைந்த ஓட்டுச் சில்லைக் கொட்டி, செம்மண் போட்டு, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினேன். காலையில் கோலமும் போட்டேன். வழிநெடுக ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் வாசலில் அதையேதான் செய்திருந்தார்கள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. வந்தவர்கள் மோர் குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். எனக்கும் பெருமைதான்.

அடுத்த வாரம் கூட்டம். பார்வையாளர் பெஞ்சில் நான் ஒருத்திதான் பெண். குமாஸ்தா ஒவ்வொன்றாக வாசிப்பார், யாராவது "சரிங்க" என்பார், தீர்மானம் ஆகிவிடும். ஒரு ஊரை நடத்துவது இவ்வளவுதானா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் ரோடு வந்தது. நேரில் வந்திருந்த கவுன்சிலர்களில் ஒருவர் எழுந்தார்.

"ஜீப்புல போய்ப் பாத்தமுங்க. குடிச்ச மோரு வயித்துல அலுங்கலீங்க. அதும் அந்தக் கோழிப்பண்ணைக்கு முன்னால சிமெண்டுத் தரையாட்ட இருக்குது. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செம்மண் போட்டு மிதித்தே வைத்திருக்கிறேன். எழுந்துவிட்டேன். பார்வையாளர்கள் பேசக் கூடாது என்று குமாஸ்தா கை காட்டினார்.

"அந்தப் பள்ளத்த மூடுனது நாந்தானுங்க" என்றேன்.

சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனம்மிணி, மனு எழுதுனதும் நீங்க, மூடுனதும் நீங்களா?"

"ஊடு தேடி வாரவங்க பள்ளத்துல உளுந்தா நல்லாருக்குமுங்களா?"

சபையே சிரித்தது. சேர்மன் மட்டும் சிரிக்கவில்லை. முடிவைத் தள்ளிவைத்தார். "இன்னொருக்கா வாரோம். எப்பன்னு சொல்ல மாட்டோம்" என்றார்.

இரண்டு நாள் மழையில் என் செம்மண் கரைந்து ஓடிவிட்டது. மூன்றாம் நாள் பண்ணையில் தீவனம் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் தடால் என்று சத்தம். நகராட்சி ஜீப்பின் முன்சக்கரம் பள்ளத்துக்குள் இருந்தது. சேர்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுச் சில்லுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"கை வெக்காதீங்க அம்மிணி!" என்று ஜீப்புக்குள்ளிருந்து கத்தினார். "எஞ்சினீயர் அளந்து எழுதட்டும்."

எஞ்சினீயர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, அளக்கும் டேப்போடு இறங்கினார். வீடு தேடி வந்தவரைப் பள்ளத்தில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்து நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. வேன்காரர் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.